பக்கத்து வயலின் மரியாதை

நெய்வா சுல்மிரா வீட்டு மக்காச்சோளத்தைப் பொடித்துக் குப்பியில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கினாள். பிறகு ஒரு காகிதப் பட்டையை அதில் நிறுத்தி வைத்தாள். இயற்கை விவசாயிகள் சங்கத்துக்காக விதைகளைச் சோதிப்பவள் அவள்.

"ஒரு கோடு வந்தா சுத்தம். ரெண்டு வந்தா பக்கத்து மகரந்தம் கலந்துடுச்சுன்னு அர்த்தம். பிள்ளை உண்டாயிருக்கான்னு பார்க்கிற மாதிரிதான்க்கா."

"அப்ப எனக்கு ரெண்டு கோடு வந்ததும் இவரு டிராக்டர் மேல ஏறி ஆடினாரு" என்றாள் சுல்மிரா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் கணவர் தொர்வலினோ செப்டம்பரில் இறந்தார். புயலுக்கும் சாயாத தண்டுகளிலிருந்து மட்டும் கதிர் எடுத்து, வருஷக்கணக்காக அவர் உருவாக்கியது இந்த வெள்ளை மக்காச்சோளம். மற்ற குடும்பங்களுக்கு விதையாகக் கொடுப்பது இந்த அறுவடையில்தான் தொடங்குவதாக இருந்தது.

வேலிக்கு அப்பால், பக்கத்து வயல்காரர் ஒலிந்து போடுவது மரபணு மாற்றிய மக்காச்சோளம். அவர் செப்டம்பரில் விதைப்பார், இவர்கள் நவம்பரில். அங்கே பூ ஓய்ந்த பிறகுதான் இங்கே பூக்கும். மகரந்தம் கலக்காமலிருக்க தொர்வலினோவும் ஒலிந்துவும் பேசி வைத்துக்கொண்டது அது. இந்த முறையும் சுல்மிரா நவம்பரில்தான் விதைத்தாள். அது ஒன்றுதான் அவளுக்குச் செய்யத் தெரிந்தது. வேலிப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

பட்டையில் இரண்டாவது கோடு மெல்ல ஏறியது.

"போன வருஷத்து விதை ஏதாவது இருக்காக்கா?"

"எல்லாத்தையும் விதைச்சாச்சு. நல்ல கதிரு ஒண்ணு வச்சிருந்தேன். சவப்பெட்டியை மூடுறப்ப அவரு கையில குடுத்துட்டேன்."

நெய்வா குப்பியைக் கழுவப் போனாள். நெடுநேரம் கழுவினாள்.

ஒலிந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, விதை தேறுச்சா? அவன் இருந்தா இந்நேரம் என் சோளம் பன்னிக்குத்தான் லாயக்குன்னு ஆரம்பிச்சிருப்பான்."

"நீங்க எப்ப விதைச்சீங்க?" என்று கேட்டாள் நெய்வா.

"சாவு விழுந்த வீட்டுப் பக்கத்துல மிஷின் ஓட்ட மனசு வரலைம்மா. துக்கம் கழியட்டும்னு நிறுத்தி வச்சேன். அப்புறம் மழை பிடிச்சுக்கிச்சு. நவம்பர் ஆயிடுச்சு..."

மேஜை மேல் இருந்த பட்டை அவர் கண்ணில் பட்டது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சுல்மிரா, தேநீர்போல் குடிக்கும் மாத்தே இலை நிரம்பிய குடுக்கையில் வெந்நீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போதும் என்றால் நன்றி சொல்லித் திருப்பித் தருவது அங்கே வழக்கம். அவர் சொல்லவில்லை. அவள் மறுபடி ஊற்றினாள். மறுபடியும்.

"தங்கச்சி, நான் அவனுக்காகத்தான்..."

"தெரியும்ண்ணே."

கெட்டிலில் வெந்நீர் தீர்ந்தது. களஞ்சியத்தில் குவிந்து கிடந்த வெள்ளைச் சோளத்தை ஜன்னல் வழியே காட்டினாள்.

"உங்க பன்னிங்களுக்கு எடுத்துக்கங்க."

அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. பிறகு எழுந்து போய் வண்டியைக் கொண்டுவந்தார். அவர் அள்ளிப் போட, சாக்கின் வாயை அவள் விரித்துப் பிடித்தாள்.