சூப்பர்வைசருக்குச் சாப்பாடு

“கம்பு நுனியில கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மா. ஆடுச்சுன்னா மொத்தத் தண்ணியும் உன் தலையிலதான்.”

“கட்டில்ல படுத்துக்கிட்டே எனக்கு வேலை சொல்றீங்களா மாமா?”

“கம்பத்துல ஏறியே காலத்தை ஓட்டின லைன்மேன் சொல்றேன், கேளு. இன்னொரு முடிச்சு போடு.”

“போட்டாச்சு. இப்பவாவது சூப்பர்வைசர் சாப்பிடுவாரா?”

“சாப்பிடுவான். ஆனா இப்படியே எத்தனை நாளைக்குக் கம்பால ஊட்டிவிடுவ? தலைவர்கிட்ட சாவியக் கேளேன்.”

அன்றைக்கு மருமகள் கழியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். இன்றைக்கு அதே கொல்லையில் நின்று அந்தக் கழியைத் தேடிக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இல்லை. தண்ணீர்த் தொட்டியோரம் இல்லை. முன்னறையில் மாமா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடிகாலையில், அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே மூச்சு அடங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு மாடி பால்கனியின் கம்பிகளுக்கிடையே ஒரு கறுப்பு மூக்கு மட்டும் தெரிந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போகும்போது சோபா, பீரோ, பூத்தொட்டி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கிழட்டு நாயை மட்டும் மறந்துவிட்டார்கள், அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டார்கள். வீட்டுக்காரர்தான் தெருச் சங்கத்தின் தலைவர். “அவங்க நாய், அவங்க வந்து எடுத்துப்பாங்க. நாளைக்கு ஏதாவது சிக்கல்னா யார் பதில் சொல்றது?” என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். யாரும் வரவில்லை. ஜன்னலோரம் படுத்த படுக்கையாக இருந்த மாமாவுக்குத்தான் அது அழுவது முதலில் கேட்டது. மேலே நின்று வேடிக்கை பார்க்கிறவனெல்லாம் சூப்பர்வைசர்தான் என்று அவர்தான் பேரும் வைத்தார்.

தலைவரின் இரும்புக் கடையில்தான் அவள் கணவன் கணக்கு எழுதினான். “அவர்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு அவர் வீட்டுச் சாவிய நான் கேக்கணுமா?” என்று ஒருமுறை சீறினான். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றுபோனது.

நேற்று மதியத்திலிருந்து அவளால் மாமாவின் பக்கத்தைவிட்டு நகர முடியவில்லை. நாய் கத்திக்கொண்டே இருந்தது. “அவன் சாப்பிட்டானா?” என்று மாமா கேட்டார். “சாப்பிட்டாச்சு மாமா, தூங்குங்க” என்றாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது நாய் கத்தவில்லை. அவள் வாசல்பக்கம் போய்ப் பார்த்தாள்.

கழி வாசலில் இருந்தது. மழை வருமென்று யாரோ தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அது நடுவில் தொய்ந்துவிடாமல் முட்டுக்கொடுத்தபடி நின்றது மாமாவின் கழி. அதனடியில் நாற்காலி போட்டுத் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அந்தக் கம்பு எனக்கு வேணும்.”

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இளைஞன் அவளை ஒருமாதிரி பார்த்தான். “அதை உருவினா மொத்தமும் தலைவர் தலையில விழும்க்கா.”

விழட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது.

கணவன் ஓடிவந்து அவளை ஓரமாக அழைத்துப் போனான். இரவெல்லாம் அப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். கண் சிவந்து வீங்கியிருந்தது. “இன்னிக்கி ஒரு நாள் விடேன். வண்டிக்குச் சொன்னது, நாற்காலி, பாய், எல்லாமே அவர்தான். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

அவள் உள்ளே போனாள். சமையலறையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, கொல்லையிலிருந்து வீசினாள். முதல் துண்டு கம்பியில் பட்டு உதிர்ந்தது. அடுத்தது ஜன்னல் மேல் நீட்டியிருந்த சிமெண்ட் பலகையில் விழுந்து அங்கேயே தங்கியது. மூக்கு கொஞ்சம் அசைந்தது. மூன்றாவதை ஓங்கும்போது கணவனின் அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சே இந்தப் பொண்ணுக்கு! வா, வந்து உட்காரு. ரொட்டிய வச்சுக்கிட்டு என்னடி பண்ற?”

“அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த நாய்...”

“நாயும் இல்ல பூனையும் இல்ல. வா சொல்றேன்.”

பெண்கள் நடுவில் அவளை உட்காரவைத்து, யாரோ முதுகைத் தடவினார்கள். யாரோ விசிறினார்கள். உள்ளங்கையில் ரொட்டி கூழாகிக்கொண்டிருந்தது. மாமாவாக இருந்தால் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று நினைத்ததும் அவளுக்கு அதுவரை வராத அழுகை வந்தது. எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

வண்டி வந்தது. ஆண்கள் மாமாவைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து வந்து கணவனின் தோளில் கைவைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நல்லா பாத்துக்கிட்டம்மா உன் மாமனாரை. பெத்த பொண்ணு கூட இப்படிச் செய்யமாட்டா. என்ன உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளு. நான் இருக்கேன்.”

கணவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் அவன் தலை லேசாக அசைந்தது. சுற்றி நின்றவர்கள் அவள் கும்பிட்டுவிட்டு நகர்வாள் என்று வழிவிட்டு நின்றார்கள். அவள் கும்பிடவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“மாடி வீட்டுச் சாவிய இப்பவே குடுங்க,” என்றாள். “அந்த நாயக் கீழ கொண்டு வரணும்.”