மூன்றுக்குப் பூஜ்யம்

பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்த ஜானிஸின் கையை அப்பா தட்டிவிட்டார்.

"ரேடியோவ வைம்மா. ஆரம்பிச்சிரப் போறான்."

"இன்னும் நேரம் இருக்குப்பா."

"இருக்கட்டும். கூட்டத்தோட இரைச்சல் கேக்கணும்."

மருத்துவமனையில் கைவிரித்து அனுப்பிய பிறகு நார்மன் முன்னறையில்தான் கிடந்தார். சோபாவை நடைபாதைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் ஜானிஸை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், ஆட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார். கால்டனுக்கும் செயின்ட் ஆன்ஸுக்கும் கால்பந்து ஆட்டம். ஒரே ஊர்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கால்டன், நீலம். அந்தப் பக்கம் ஆன்ஸ், சிவப்பு. நார்மன் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பெண் எடுத்தவர். "பொண்ணத்தான் எடுத்தேன், கலர எடுக்கல" என்று கல்யாணத்தன்று சொன்னவர், அதற்குப் பிறகும் அதைச் சொல்லி அலுத்ததில்லை.

கதவைத் தட்டாமலே கிளிஃப் உள்ளே வந்தார். நீல மஃப்ளர், நீலத் தொப்பி, வாயில் காலையிலேயே ஏற்றிக்கொண்ட பீர் வாசம். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவோடு மைதானத்தின் ஒரே படிக்கட்டில் நின்று ஆட்டம் பார்த்தவர்.

"என்னடா கிழவா, இன்னும் போகலையா நீ?"

"உன்னைக் குழில எறக்கிட்டுத்தான் போவேன்."

"சீக்கிரம் முடிவு பண்ணு. உன் சீட்டுல உக்கார என் மருமவன் காத்துட்டு இருக்கான்."

அப்பா சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. ஜானிஸ் அவரைத் தூக்கி முதுகைத் தடவினாள். கிளிஃப் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அவனுங்க சுவர் விழுந்து இன்னியோட அம்பது வருஷமாம். ஆட்டத்துக்கு முன்னால ஒரு நிமிஷம் மௌனமாம்."

"பாடுவீங்கல்ல?"

"பாடாம? உனக்குன்னு ஒரு தடவ சேத்துப் பாடிட்டு வரேன்."

அப்பாவின் விரல் போர்வைமேல் தாளம் போட்டது. சமையலறையில் கத்தி பலகையில் படும் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

ஆன்ஸ் மைதானத்தின் பழைய செங்கல் சுவர் ஒரு ஆட்டத்தின் நடுவே நெரிசலில் சரிந்தது. அடியில் சிக்கிச் செத்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். அதில் ஒருவன் ரோனி, அம்மாவின் தம்பி, பதினேழு வயது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் அவன் படம் இருக்கிறது: பெரிய காதுகள், சிவப்பு மஃப்ளர், ஃபோட்டோ எடுப்பவரை நக்கலடிக்கிற சிரிப்பு. அந்தப் படத்தை மாட்ட ஆணி அடித்ததும் அப்பாதான்.

சுவர் விழுந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் கால்டன்காரர்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றார்களாம். கிளப்பின் தலைவரே போய் மலர்வளையம் வைத்தாராம். தரமான கிளப் என்று பேப்பர்கள் எழுதின. அப்பா அந்தக் கூட்டத்தில் நின்றவர். எந்தக் குடி மேஜையிலும் அந்தக் கதை வராமல் இருக்காது. "கோப்பைய காசு குடுத்து வாங்கிரலாம்டா. தரத்த எங்க போய் வாங்குவ?"

அதெல்லாம் முதல் சில வருஷங்களுக்கு. பிறகு ஆன்ஸ் ஜெயிக்க ஆரம்பித்தது. வரிசையாகக் கோப்பைகள். அப்போதுதான் கால்டன் படிக்கட்டிலிருந்து அந்தப் பாட்டு கிளம்பியது.

சுவரே சுவரே சாஞ்சுக்கோ,
இன்னும் ரெண்டு பேர வாங்கிக்கோ.

பிள்ளையைத் தாலாட்டுகிற மெட்டு. ஜானிஸ் எட்டு வயதில் அதைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்கினாள். அம்மா அறைந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. அம்மா அவளை அடித்தது அந்த ஒரு தடவைதான். "சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும், விடு பெரில்" என்று அப்பா பேப்பரை மடிக்காமலே சொன்னார்.

கிளிஃப் கிளம்பிப் போனார். ஜானிஸ் ரேடியோவைத் தலைமாட்டில் வைத்தாள். வர்ணனையாளர் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ரோனியின் பெயர் நடுவில் எங்கோ வந்துபோனது. பிறகு விசில். பிறகு மௌனம். மழை பெய்கிற சத்தம் மட்டும் ரேடியோவில் கேட்டது. அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது எழுகிற ஒரு கனம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

தூரத்தில் நாலைந்து குரல்களாகத்தான் ஆரம்பித்தது. பிறகு ஒரு பக்கம் முழுக்க. சுவரே சுவரே.

"நேயர்களே, இது உங்கள் காதில் விழுவதற்காக மிகவும் வருந்துகிறோம்" என்றார் வர்ணனையாளர்.

ஜானிஸ் அப்பாவைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. மூச்சுக்கே திண்டாடுகிறவர் ஒரு வார்த்தைகூட விடாமல் பாடிக்கொண்டிருந்தார்.

வாசலில் சூப்புக் கிண்ணத்தோடு அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். ரேடியோவின் வயரைப் பிடுங்கினாள். கோழியை இடுக்குவதுபோல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"பெரில்! வைடி அத!"

"சூப்பு ஆறுது. குடி."

கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு அப்பா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்கோர் என்ன. முதலில் அதட்டல், பிறகு கெஞ்சல், பிறகு வெறும் உதடு. ஜானிஸ் பாக்கெட்டில் இருந்த ஃபோனைத் தொட்டாள். பார்த்துச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அம்மா கேரட் சீவிக்கொண்டிருந்தாள். ரேடியோ ஜன்னல் ஓரத்தில் மெல்ல ஓடியது.

"அம்மா, கடைசி நாளும்மா. அது ஒண்ணத்தான் கேக்குறாரு."

"தெரியும்."

ரேடியோ அலறியது. கோல். கால்டன். ஏற்கெனவே ஒன்று, இது இரண்டாவது. அம்மா தலை நிமிரவில்லை. கேரட் தோல் நீளமாகச் சுருண்டு விழுந்தது.

"அந்தப் பாட்ட யாரு கட்டுனதுன்னு தெரியுமா உனக்கு?"

"எவனோ குடிகாரன்."

"மைதானத்துல கேக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நம்ம குளியலறைல கேட்டேன்."

ஜானிஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"துண்டு வேணும்னான் உங்கப்பன். எடுத்துட்டுப் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். உள்ள தண்ணில கால ஆட்டிட்டே பாடுறான். மொதல்ல 'சேத்துக்கோ'ன்னு போட்டான். பிடிக்கல போல. திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் 'வாங்கிக்கோ'ன்னு மாத்தினான். சரியா உக்காந்ததும் அவனே கை தட்டிக்கிட்டான்."

"நீ என்ன பண்ண?"

"கதவத் திறந்தான். துண்டக் குடுத்தேன்."

அம்மா அடுத்த கேரட்டை எடுத்தாள். "உன்ன வயித்துல வச்சிருக்கும்போது ரோனி பேரத்தான் வைக்கணும்னு நெனச்சிருந்தேன். பொண்ணாப் பொறந்துட்ட" என்றாள், சம்பந்தமில்லாததுபோல.

மூன்றாவது கோலும் விழுந்தது. ஆன்ஸ் மண்ணில் கால்டன் இப்படி ஜெயித்து ஒரு தலைமுறை ஆகிறது என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். கடைசி விசில் ஊதியதும் அம்மா ரேடியோவை அணைத்தாள். கையை ஈரம் போகத் துடைத்தாள், விரல் இடுக்கெல்லாம். பிறகு முன்னறைக்குப் போனாள். ஜானிஸ் பின்னாலேயே போனாள்.

அப்பாவின் கண் திறந்தேயிருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்ன?"

"மூணு பூஜ்யம்."

செத்துக்கொண்டிருந்த முகத்தில் ரத்தம் ஏறியதை ஜானிஸ் பார்த்தாள். அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"நமக்கா?"

"எங்களுக்கு" என்றாள் அம்மா.

இந்த வீட்டில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி ஜானிஸ் கேட்டதே இல்லை. அப்பாவுக்கும் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரு... அடிச்சா?"

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் போர்வையைச் சரிசெய்தாள். குரலில் கோபமே இல்லை. மருந்து வேளையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"மூணும் ஒரே பையன். புதுசா வந்திருக்கான். பதினேழு வயசாம். பேரு ரோனி."

அப்பா அவளையே பார்த்தார். தொண்டைக்குள் மூச்சு களகளவென்று உருண்டது. பிறகு கண்கள் மெதுவாக நகர்ந்து ஜானிஸிடம் வந்தன.

"பொய் சொல்றா. நீ சொல்லும்மா."

பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. கால்டன்கார நண்பர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வையில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் ஜானிஸ் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும்.

"ஆமாப்பா. மூணு பூஜ்யம். ஆன்ஸுக்குத்தான்."

அவர் ஊன்றிய கை மடிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சற்று நேரத்தில் பாலத்தின் மேலிருந்து ஹாரன்கள் கேட்க ஆரம்பித்தன. ஜெயித்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். ஒரு கார் தெருவுக்குள்ளேயே வந்து விடாமல் அடித்துக்கொண்டு போனது. அப்பாவின் தோள் அசைந்தது.

"யாரு அது?"

"அவங்கதான். கொண்டாடுறாங்க" என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

டெலிஃபோன் அடித்தது. கிளிஃப். பின்னணியில் ஒரே கூச்சல், பேசுகிறவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அம்மா நிதானமாகப் பதில் சொன்னாள். "தூங்குறாரு கிளிஃப். கேட்டாரு, கேட்டாரு. முழுசாக் கேட்டாரு."

தெருவிளக்கு எரிவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது. முகத்தை அம்மாதான் திருப்பிவைத்தாள். அவள் அழவில்லை. ஜானிஸ் அழுதாள், எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அடக்கத்துக்கு நல்ல கூட்டம். சவப்பெட்டிமேல் நீலக் கொடி போர்த்தியிருந்தார்கள். குழியை மூடிய பிறகு கிளப்புக்குப் பக்கத்து மதுக்கடையின் மாடியில் எல்லோரும் கூடினார்கள். கிளப்பிலிருந்து நீல டை கட்டிய ஒருவர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நடந்த அசிங்கத்துக்கு உங்ககிட்ட தனியா மன்னிப்பு கேக்கச் சொல்லித் தலைவர் அனுப்பினாரும்மா. உங்க தம்பியும் அந்த சுவர்லதான்னு எங்களுக்குத் தெரியும். பாடினவங்கள டிவில பாத்துக் கண்டுபிடிச்சுட்டோம். இனி அவங்க ஆயுசுக்கும் மைதானத்துல கால் வைக்க முடியாது."

"அப்படியா" என்றாள் அம்மா.

"நம்ம கிளப்புக்குன்னு ஒரு தரம் இருக்கு. அத உண்டாக்குனது நார்மன் மாதிரி ஆளுங்க. தொப்பியக் கழட்டிட்டு நின்ன தலைமுறைம்மா அது."

"அந்தத் தொப்பி இன்னும் வீட்லதான் கெடக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

அவர் நெகிழ்ந்துபோனார். கிளப்பின் கண்ணாடி அலமாரியில் வைப்போம் என்றார்.

தடை விதிக்கப்பட்டவர்களில் கிளிஃப் முதல் ஆள். மூலையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். "அறுபது வருஷம்டா. அறுபது வருஷம் போனவன இனி வராதேங்கிறான். இதாடா தரம்?" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் முறையிட்டார். ஜானிஸ் கடக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஜெயிச்சதக் கேட்டுட்டாவது போனான். கொடுத்து வச்சவன். சொல்லும்மா, நீ பக்கத்துல இருந்தல்ல? மூணு பூஜ்யம்னதும் என்ன சொன்னான்?"

மேஜையைச் சுற்றியிருந்த கிழவர்கள் எல்லாரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் ஜானிஸ். "என்னையே பாத்துட்டு இருந்தாரு."

"வாயடைச்சுப் போயிருப்பான்." கிளிஃபின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிருப்பான் என் ராசா."

கிளாஸ்கள் உயர்ந்தன. யாரோ கிளப்பின் பாட்டை எடுத்துக்கொடுக்க, மாடி முழுக்க எழுந்து நின்று பாடியது.

ஜானிஸ் அம்மாவைத் தேடினாள். மாடியில் இல்லை. இறங்கிப் பின்பக்கம் போனாள். தூறலில் நின்றிருந்த காரின் முன்சீட்டில் அம்மா ஏற்கெனவே ஏறி, பெல்ட்டையும் போட்டுக்கொண்டு, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜானிஸ் ஏறிக் கதவைச் சாத்தினாள். மேலேயிருந்து பாட்டு கண்ணாடி வழியாக மங்கலாகக் கேட்டது. அம்மா கைப்பையைத் திறந்து காகிதத்தில் சுற்றிவைத்திருந்த ஒரு சாண்ட்விச்சை எடுத்தாள்.

"பசிக்குது" என்றாள். "அன்னிக்கிலிருந்தே ஒரே பசி."

சரிபாதியாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினாள். ஜானிஸ் அதை வாங்கிக்கொண்டாள்.