ஒன்பதாவது கேரவன்

ஆஸ்திரேலியாவின் ஜிம்பியில், வண்டியை விற்கிற டேரலின் ஷெட்டுக்குள் நின்றிருந்தது அவர்கள் பார்க்க வந்த ஒன்பதாவது கேரவன்; கட்டில், அலமாரியோடு தானே ஓடுகிற வீட்டுவண்டி. முந்தைய எட்டையும் வேண்டாமென்று தள்ளியவன் மெர்வ். எட்டுக்கும் ஒரே நோய்: சுவருக்குள் ஈரம். பழைய கேரவன் வாங்குகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சனியன் வேறில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே மரச்சட்டம் பாலில் போட்ட ரொட்டியாக ஊறிக் கிடக்கும்.

அவன் மனைவி ரேலீனுக்குப் பொறுமை போய் மாதக்கணக்காகிவிட்டது. நாடு முழுக்கச் சுற்றப்போகிறோம் என்று, வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே வீட்டை விற்ற அதிமேதாவிகள் இருவரும். ஐந்து மாதமாக மகளின் கராஜில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கை. அது சுற்ற ஆரம்பித்தால் கட்டிலும் கூடவே ஆடும். மருமகன் தினமும் காலையில் "இன்னும் அமையலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். ரேலீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வண்டியில்லாமல் திரும்பி அந்த முகத்தில் விழிக்க அவளால் முடியாது.

கேரவனுக்குள் கட்டிலடியில் தவழ்ந்தாள். தரையை முட்டியால் அழுத்தினாள். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். பூஞ்சை நாற்றம் துளிகூட இல்லை. கூரை ஓரத்து ஒட்டுப்பசையில் விரிசலில்லை, டயர்கூடப் புதுசு. அட, அமைந்துவிடும் போலிருக்கிறதே!

"ரேலீன், இங்க வா" என்று படுக்கைப் பக்கமிருந்து மெர்வ் கூப்பிட்டான். "மீட்டரை இந்த மூலையில வையி."

ஈரம் பார்க்கும் மீட்டரின் இரண்டு முள்ளையும் சுவரில் பதித்தாள். அது கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு.

"நான் சொல்லல? ஊறிப்போச்சு. கிளம்பு."

வாசற்படியில் நின்ற டேரலுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னப்பா விளையாடுறியா? வாங்கின நாள்லேர்ந்து ஷெட்டுலதான் நிக்குது. இங்க மழை பேஞ்சே மூணு மாசமாச்சு!"

"மீட்டர் பொய் சொல்லுமா?" என்றான் மெர்வ்.

ரேலீனுக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் தாங்காமல் அந்த மூலையை ஓங்கி அறைந்தாள். கை பிசுபிசுத்தது. மழைத்தண்ணீர் எங்கேயாவது பிசுபிசுக்குமா? மோந்தாள். இஞ்சி வாசம். மெர்வ் காலையில் பாட்டிலில் கலக்கி எடுத்துவந்த இஞ்சி சர்பத்! அவன் கையிலிருந்த பாட்டிலில் பாதியைக் காணோம்.

"டேரல், ஒரு நிமிஷம் வெளியில இருங்க" என்று கதவைச் சாத்தினாள். "எத்தனை வண்டிக்கு ஊத்தின?"

"மொத ரெண்டும் நெஜமாவே ஈரம்."

"அப்ப மிச்சம் ஆறையும் குளிப்பாட்டியிருக்க. அடப்பாவி! நான் முட்டி தேயத் தேயத் தவழ்ந்துக்கிட்டு இருந்தேனே! ஏன்யா?"

மெர்வ் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தான். "கண்ணு, ரேலீன். ரெண்டு கண்ணுலயும் நடுவுல மங்கிப்போச்சு. வீடு வித்த மறுமாசம் டாக்டர் சொன்னார். இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

முட்டிவலி என்று சொல்லி இத்தனை நாளாகக் காரை அவளிடம் விட்டது இதற்குத்தானா! ரேலீனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"என்கிட்ட சொன்னா என்ன கேடு?"

"முப்பத்தஞ்சு வருஷம் லாரி ஓட்டினவன் நான். பக்கத்து சீட்டுல உக்காந்து வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

"அந்த முப்பத்தஞ்சு வருஷமும் நீ ஊர் ஊராப் போன. நான் சமையல்கட்டு ஜன்னல்ல வேடிக்கை பாத்தேன். ஒரு நாளாவது கேட்டியா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு?"



ரேலீன் கதவைத் திறந்தாள். "டேரல், சுவத்துல ஒண்ணுமில்ல. இவரு சர்பத்தைக் கொட்டிட்டாரு. சாவி கொடுங்க, ஓட்டிப் பாத்துடலாம்."

சின்னக் காரைத் தவிர எதையும் ஓட்டியறியாதவள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து அதை முன்னால் இழுத்துக்கொண்டாள். மெர்வ் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். உள்ளே அவளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அந்தப் பக்கமா வந்து ஏறு."

அவன் பானட்டைத் தடவிக்கொண்டே மெதுவாக முன்னால் சுற்றி நடந்தான். ரேலீன் ஹாரனை ஓங்கி அழுத்தினாள்.

"சீக்கிரம்யா!"