பச்சை ஃபிரேம், சாம்பல் ஃபிரேம்

என் புருஷன் டெஸ் புத்திசாலி. ஊரே சொல்லும். ஆனால் சைக்கிள் கடைக்குள் போகும்போது மட்டும் அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவான்.

போன மாதம் அவனுடைய மலை சைக்கிளின் ஃபிரேம் விரிசல் விட்டது. 'பல் டாக்டர்' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் இறக்கத்தில், பைன் மர வேர்களின் மேல் தடதடவென்று வந்தவன், கீழே நின்றதும் "ஏதோ கீச்சு கீச்சுங்குது" என்றான். குனிந்து பார்த்தால் பின்பக்கம் பற்றவைத்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. சக்கரம், கியர் எல்லாம் நன்றாக இருந்தன. ஃபிரேம் மட்டும்தான் போயிற்று. இதோடு இவன் ஓட்டுவதை நிறுத்திவிடுவானோ என்று அன்றைக்கு நினைத்தேன். நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா, உட்கார்ந்து அழுதிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

போன குளிர்காலத்தில் டெஸ்ஸின் நெஞ்சைத் திறந்து ஒரு வால்வை மாற்றினார்கள். டாக்டரம்மா நல்ல பெண். "தாராளமா ஓட்டுங்க, ஆனா யாரோடவும் போட்டி போடாதீங்க" என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தாள். இதயம் ஓர் அளவுக்கு மேல் வேகமாக அடிக்காமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். இறக்கத்தில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்றத்தில்தான் வினை. கால் மிதிக்கத் தயாராக இருக்கும், உள்ளே இருக்கிற எஞ்சின் இதற்கு மேல் முடியாது என்று கையை விரித்துவிடும். எங்கள் ஊரான நெல்சனில் எங்கள் சைக்கிள் கூட்டத்துக்கு வண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போகிற பழக்கம் கிடையாது. ஏறியவனுக்குத்தான் இறக்கம்.

ஒரு காலத்தில் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் டெஸ்தான் முதலில் மேலே போய்ச் சேருவான். உச்சியில் செம்மறிகளுக்காகப் போட்ட ஒரு இரும்பு கேட் இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு மற்றவர்களுக்காக நிற்பான். பின்னால் மூச்சிரைத்து வருகிறவர்கள் கூசிப்போகக்கூடாது என்று, அவர்கள் தலை தெரிந்தவுடன் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்குவான். "உனக்காக நிக்கல, காத்து பாத்துட்டு இருந்தேன்" என்பான். காத்தா, காத்திருப்பதா, கேட்கிறவன் விருப்பம். கூட்டம் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்களில் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததே இல்லை, காத்து மட்டும்தான் பார்த்திருக்கிறோம். இப்போது கடைசியில் வந்து அந்த வார்த்தையைக் கேட்டுக்கொள்கிறவன், அதைக் கண்டுபிடித்த டெஸ்ஸேதான்.

சரி, ஃபிரேமுக்கு வருகிறேன்.

ஹேமியின் சைக்கிள் கடையில் இரண்டு ஃபிரேம்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். இரண்டிலும் ஆட்டம் அதிகம். கல்லிலோ வேரிலோ மோதும்போது பின் சக்கரம் எவ்வளவு மேலே வந்து அடியை வாங்கிக்கொள்கிறது என்பதைத்தான் எங்கள் ஆட்கள் ஆட்டம் என்பார்கள். பல் டாக்டரில் இறங்க அது நிறைய வேண்டும், இல்லாவிட்டால் பெயருக்கு ஏற்ற மாதிரி பல் போய்விடும். ஆனால் ஆட்டம் கூடக்கூட ஏற்றத்தில் வண்டி சண்டித்தனம் செய்யும். மிதிக்கிற மிதியில் பாதியை, அடியை வாங்குகிற ஷாக் அப்சார்பரே தின்றுவிடும். அந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டுபிடித்துச் செய்தது பச்சை. கார்பன், ஒரு கையால் தூக்கிவிடலாம். சீட் பெடலுக்கு நேர் மேலே நிற்கும், செங்குத்தான இடத்திலும் முன் சக்கரம் எழும்பாது. சாம்பலோ அலுமினியம். ஆட்டம் இன்னும் கூடுதல், கனமும் கூடுதல். சீட் பின்னால் சாய்ந்திருக்கும், ஏறும்போது முன் சக்கரம் குடிகாரன் மாதிரி ரோட்டை அளக்கும்.

"பச்சை," என்றேன் நான்.

"சாம்பல்," என்றான் டெஸ்.

ஹேமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காபி போடட்டுமா?" என்றான். வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற ஆள், புருஷன் பெண்டாட்டி சண்டையின் வாசனை அவனுக்குத் தெரியும். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், அதைச் சொல்லிச் சண்டை போடவும் வழியில்லை.

"அது ஃபிரேம் இல்ல, எருமை," என்றேன்.

"எருமைதான். ஆனா கீழ இறங்கும்போது சோபா மாதிரி இருக்கும் நைரி."

"மேல ஏறாம எப்படிய்யா கீழ இறங்குவ? சோபாவ முதுகுல கட்டிக்கிட்டா?"

"அக்கா, இருங்க," என்றான் ஹேமி. "ரெண்டுலயும் ஓட்டிப் பாக்க கடை வண்டி வச்சிருக்கேன். சனிக்கிழமை பச்சைய கொண்டுபோங்க, ஞாயித்துக்கிழமை எருமைய கொண்டுபோங்க. மலையே சொல்லட்டும். என் தலைய உருட்டாதீங்க."

சனிக்கிழமை நல்ல வெயில். சில்வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. நான் டெஸ்ஸின் பக்கத்திலேயே ஏறிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நீ முன்னாடி போ நைரி. கூடவே வந்தா நர்ஸ் வர்ற மாதிரி இருக்கு."

"நர்ஸ்னா இவ்வளவு வாய் பேச விடுவாளா?" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டேன். வேறென்ன செய்வது.

கேட் பக்கத்தில் எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். லோர்னா ஒரு சீஸ் ஸ்கோன் ரொட்டியை எடுத்துப் பிரித்தாள். வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள், வாய்க்குப் பூட்டே கிடையாது, மனசு தங்கம். எங்கள் ஊர்க் காட்டில் திரியும் பறக்காத பறவை, வெக்கா கோழி ஒன்று அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, அவள் அசந்த நேரத்தில் ஸ்கோனில் பாதியைக் கொத்திக்கொண்டு புதருக்குள் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கீழே அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்குக் கொஞ்சம் கீழே ரோடு திரும்புகிற இடம் அது, அதைத் தாண்டி யார் வருகிறார்கள் என்று தெரியாது.

பச்சையில் வந்தும் டெஸ் கடைசிதான், அதுவும் ரொம்பக் கடைசி. அவன் ஹெல்மெட் தெரிந்ததும் எல்லாக் கட்டைவிரலும் டயரில் போய் உட்கார்ந்தன.

"காத்து பாத்துட்டு இருந்தோம்," என்றாள் லோர்னா.

டெஸ் தலையை ஆட்டினான். அத்தனை நல்ல வண்டியில் வந்தும் இப்படி என்றால் யாருக்குத்தான் என்ன சொல்ல வாய் வரும். அப்போது லோர்னா குனிந்து அவன் ஷாக்கைப் பார்த்தாள்.

"அட பாவி, டெஸ். லிவர தொறந்து வச்சிக்கிட்டே ஏறியிருக்கியே."

ஷாக்கின் ஓரத்தில் ஒரு சின்ன லிவர் இருக்கும். ஏறும்போது மூடினால் ஷாக் இறுகிக்கொள்ளும், மிதி வீணாகாது. இறங்கும்போது திறந்துவிட வேண்டும். மறந்து மாற்றி வைத்துவிட்டு வண்டியைத் திட்டாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

"வயசாச்சு," என்று டெஸ் தலையைச் சொறிந்தான்.

"அதான பாத்தேன். அவ்வளவு ஆட்டத்தையும் மிதிச்சு மிதிச்சு வந்திருக்கான் மனுஷன். நாங்களா இருந்தா பாதியிலயே படுத்திருப்போம்," என்றாள் லோர்னா. எல்லோரும் சிரித்தார்கள், தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே. எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லிவர்தானா, நெஞ்சு இல்லையா, போதும் சாமி என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

மறுநாள் எருமை. நானும் டெஸ்ஸும் லோர்னாவும் மட்டும் போனோம். அன்றைக்கு நானும் லோர்னாவும் கேட்டில் நின்று, கொண்டுபோனதையெல்லாம் தின்று, லோர்னாவின் பேரன் பேத்தி கதையெல்லாம் முடிந்து, இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று நான் வண்டியைத் திருப்பிய பிறகுதான் அவன் அந்த வளைவில் தெரிந்தான். ஓட்டிக்கொண்டு வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தான். உதடு வெளுத்திருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"எருமைய மேய்ச்சிட்டு வர்றேன். நடுவுல தண்ணி குடிக்கணும்னு அடம்பிடிச்சு நின்னுடுச்சு."

"கட்டிப்போட்டு வளக்க வேண்டியத மலைக்கு ஓட்டிட்டு வந்தா?" என்றாள் லோர்னா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த ஃபிரேமை எடுத்துப் பள்ளத்தில் எறிய வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குள் நுழைந்ததும் டெஸ் சாம்பல் ஃபிரேமின் மேல் கையை வைத்தான்.

"ஹேமி, இதையே மாட்டிடு."

"மாட்டினா, ஹேமி, இந்தக் கடைப்பக்கம் நான் தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

"நைரி, கடையில வச்சு வேணாம்."

"கடையில வச்சுத்தான் பேசணும். வீட்டுல பேசினா நீ நாய்க்குச் சோறு வைக்கப் போயிடுவ. நேத்து உன் மூஞ்சிய நீ பாக்கல, நான் பாத்தேன். பச்சைக்கு என்ன குறைச்சல்? நீ அத ஒழுங்கா ஓட்டவே இல்ல. லிவர மறந்துட்டு ஏறிட்டு, வண்டி சரியில்லன்னா எப்படி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கடைசி வார்த்தை கொஞ்சம் காரமாகவே விழுந்துவிட்டது. எனக்கு நாக்கு எப்போதும் புத்திக்கு ஓரடி முன்னால்தான் போகும்.

ஹேமி தொண்டையைக் கனைத்தான். "அக்கா, ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. பச்சைக்கு லிவர தொறந்து வச்சாலும் பெருசா ஒண்ணும் தெரியாது. மிதிச்சா உள்வாங்காத மாதிரிதான் அத செஞ்சிருக்காங்க. லிவரால அவ்வளவு லேட் ஆகாது."

"அப்ப ஏன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

டெஸ் ஃபிரேமைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் மறக்கல."

"எத மறக்கல?"

"லிவர. கீழயிருந்து மூடித்தான் வந்தேன். கடைசி வளைவுக்கு முன்னாடி நின்னு நானே தொறந்து விட்டேன்."

ஹேமி கெட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதில் ஏற்கெனவே தண்ணீர் நிறைய இருந்தது.

"பச்சை நல்லா ஏறுது நைரி," என்றான் டெஸ். "நான் இதுவரைக்கும் ஓட்டினதுலயே நல்லா ஏறுற வண்டி அதுதான். சத்தியமா. அதுலயும் நான் கடைசின்னா, அதுக்கப்புறம் எத குத்தம் சொல்றது? இந்த எருமைன்னா எல்லாரும் சிரிப்பாங்க. வண்டி கனம், பாவம்னு விட்டுடுவாங்க. எனக்கு ஆடத் தெரியும் நைரி. இப்ப கூடம் கோணலா இருந்தாத்தான் எனக்கு நல்லது."

எனக்கு அவன்மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது, எனக்கு ஒன்று வந்தால் மற்றதும் வால் பிடித்துக்கொண்டு வந்துவிடும். அந்த வளைவுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், தனியாக நின்று அந்தச் சின்ன லிவரைத் திருப்பியிருக்கிறான். எங்களுக்கு ஒரு காரணம் கொடுப்பதற்காக. நாங்களும் வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறோம். நான் பாட்டு வேறு பாடியிருக்கிறேன்.

"அந்தக் கனத்த இழுத்து இழுத்து நெஞ்சு நின்னுபோனா?"

"நிக்காது."

"நீ எப்ப டாக்டரான?"

நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"கேட்டுல நிக்கும்போது நான் என்ன பாத்துட்டு இருப்பேன்னு நெனைக்கிற?"

"காத்து," என்றான். பாதிக் கிண்டல், பாதி வேறு ஏதோ.

"வளைவ பாத்துட்டு இருப்பேன். நீ எத்தனாவதா வர்றன்னு இல்ல டெஸ். வர்றியா இல்லையான்னு. நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதத்தான் பாக்கறேன். அவங்க சிரிக்கறது, பேசறது ஒண்ணும் காதுல விழாது. உன் ஹெல்மெட் தெரியற வரைக்கும் எனக்கு மூச்சே வராது. நீ கடைசியா வா. நாளைக்கு வா. எனக்கு என்ன போச்சு? நீ வரணும், அவ்வளவுதான்."

டெஸ் என்னைப் பார்த்தான். ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை நாளும் அவன் அந்த வளைவை அந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கண் கலங்கியது. கலங்கியதை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டான். எங்கள் ஊர் ஆண்களுக்கு எப்போதும் மூக்குதான் ஒழுகும்.

சாம்பல் ஃபிரேமின் மேலிருந்த கையை எடுத்தான்.

"இந்தப் பச்சை எனக்குப் பிடிக்கல," என்றான். "தவளை மாதிரி இருக்கு."

"கறுப்புல வரும் அண்ணே," என்று உள்ளேயிருந்து ஹேமியின் குரல் கேட்டது. "ஆறு வாரம் ஆகும்."

"வேணாம்," என்றான் டெஸ். "சனிக்கிழமைக்குள்ள மாட்டிடு."