வைட்டமின் என்று சொன்னேன்

அந்தப் பெண் மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கியதும் என் மேஜை முன்னாலேயே டப்பாவைத் திறந்தாள். மாத்திரைகளை இடுப்புத் துணியின் முனையில் கொட்டி இறுக்கி முடிந்துகொண்டு, காலி டப்பாவை என் பக்கம் தள்ளினாள். மினிபஸ்ஸில் டப்பா குலுங்கினால் போதும், அது என்ன மாத்திரை என்று எங்கள் கிட்வே ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"இப்படிக் கொண்டுபோனா மருந்து கெட்டுப்போகும்னு எத்தன தடவ சொல்றது? யாருக்குப் பயந்து ஒளிக்கிற?"

"நாத்தனாருக்குத்தான் கசோண்டே சிஸ்டர். நீங்க ஒரு நாள் வந்து அவகூட இருந்து பாருங்க, தெரியும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எச்.ஐ.வி. பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை செய்கிறேன். மருந்தை மறைப்பவர்களைத் திட்டித் திட்டியே பேர் வாங்கியவள் நான்.

அப்போதுதான் போன் வந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் ஆலோசகராக இருக்கும் மோனிகா. பயிற்சி வகுப்பில் பழக்கம்.

"லுபூட்டோ அம்மா, கொஞ்சம் இங்க வர்றீங்களா? உங்க பொண்ணு எங்கிட்ட இருக்கா. பயப்படாதீங்க, அடி கிடி ஒண்ணும் படல. நேர்ல வாங்க."

பள்ளிக்கூட நேரம். அவள் அங்கே என்ன செய்கிறாள்? மினிபஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அப்போது நினைத்தேன்.

லுபூட்டோவுக்குப் பதினைந்து வயது. ஒரே பெண். அவளுக்கு நாலு வயதில் அவள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். மூளைக்கு ஏறிய மலேரியா. அவளை ஒரு வேலைக்கு அனுப்பினால் அந்த வேலை மட்டும் நடக்காது. வெங்காயம் வாங்கப் போனவள் ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வருவாள், வழியில் யாரோ கிணறு தோண்டுவதைப் பார்த்த கதையோடு. அடுப்பில் ன்ஷிமா களி தீய்ந்து புகை வந்தாலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். ஒரே பருவத்தில் நாலு ஸ்வெட்டர் தொலைத்தாள். அடித்திருக்கிறேன். செருப்பால், களி கிண்டும் துடுப்பால். ஒரு தடவை அவள் தோழிகள் பார்க்கும்படி வாசலில் வைத்து.

பள்ளியில் இனிமேல் இவளை வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்ன பிறகுதான் டாக்டர் சிம்விங்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கிட்வேயிலேயே டாக்டர்கள் உண்டு. ஆனாலும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் ன்டோலாவுக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. சோம்பேறித்தனம் இல்லை, கவனக் குறைபாடு என்றார் அவர். மாத்திரை உதவலாம், பசி குறையலாம், தூக்கம் கெடலாம், இதயம் படபடக்கலாம், குறைந்த அளவில் தொடங்கிப் பார்க்கலாம். யோசித்துச் சொல்லச் சொன்னார். நான் நாலு மாதம் யோசித்தேன். பசி, தூக்கம், இதயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் யோசித்ததெல்லாம் தேவாலயத்து மாதர் சங்கத்தைப் பற்றித்தான். தேநீர் இடைவேளையில் மற்ற நர்ஸ்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதைப் பற்றித்தான். கசோண்டே சிஸ்டரோட பொண்ணுக்குப் புத்தி சரியில்லையாம், மாத்திரை கொடுக்கிறாங்களாம்.

"வாங்கிக்கிறேன்" என்று போய் நின்றபோது டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். "அவகிட்ட சொல்லிட்டுக் குடுங்க. சின்னப் பிள்ளை இல்ல."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டு, மாத்திரைகளை ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டேன். அவளிடம் சொன்னேன்: "வைட்டமின். தெனமும் காலைல ஆறரைக்கு. ஒரு நாள்கூட விடக்கூடாது. யார்கிட்டயும் சொல்லாத."

மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுப்பாடத்தை முடித்தாள். கணக்கு டீச்சர் நோட்டில் நல்லதாக ஒரு வரி எழுதியிருந்தார். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், நான் சொல்வதற்கு முன்பே பாத்திரம் கழுவினாள், சாப்பிடும்போது தலை நிமிரவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மோனிகாவின் அறையில் அவள் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை.

"பதினஞ்சுன்னு வயச மறைக்காம சொன்னா" என்றாள் மோனிகா. "அம்மா கையெழுத்து இல்லாம டெஸ்ட் எடுக்க முடியாதுன்னேன். அவளேதான் உங்க நம்பரக் குடுத்தா."

"என்ன டெஸ்ட்?" என்று கேட்டேன்.

லுபூட்டோ சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஸ்கூல்ல ஒரு அக்கா வந்து பேசினாங்கம்மா. பொறக்கும்போதே எச்.ஐ.வி. இருந்ததாம் அவங்களுக்கு. வீட்ல வைட்டமின்னு சொல்லித்தான் குடுத்தாங்களாம். தெனமும் ஒரே நேரத்துக்கு. யார்கிட்டயும் சொல்லாதன்னு. அப்பாவும் சின்ன வயசுல செத்துட்டாரு. நீ வேல பாக்குறது அங்க. எனக்குக் கூட்டிப் பாக்கத் தெரியாதாம்மா?"

உட்கார நாற்காலி இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அது இல்ல கண்ணு. சத்தியமா அது இல்ல."

"அப்ப எது?"

மோனிகா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். "இருங்க" என்றாள் லுபூட்டோ. "அவங்க சொல்றத நான் நம்பணும்னா நீங்க இருக்கணும்."

ஆயிரம் பேரிடம் இதைவிடப் பெரிய நோய்களின் பெயரைக் குரல் நடுங்காமல் சொல்லியிருக்கிறேன். என் மகளின் குறையின் பெயரைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. பாடத்தில் மனசு நிக்கறதுக்கு, மறதிக்கு என்று ஏதோ உளறினேன். டாக்டர் சொன்னதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் நம்பவில்லை. "டெஸ்ட் எடுங்க" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். மோனிகா அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டாள். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். முடிவு எனக்குத் தெரியும். அவள் பிறந்தபோதே பார்த்ததுதான். ஆனால் அவளுக்குத் தெரியாது. மூன்று வாரமாக அவள் எந்தப் பயத்தோடு அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறாள் என்பதை அந்தப் பதினைந்து நிமிடமும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவ்வளவு நேரம் ஒன்றையே அவள் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரே கோடு. எச்.ஐ.வி. இல்லை. மோனிகா பட்டையை அவள் கையிலேயே கொடுத்தாள். அவள் அழவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நான் வேணும்னே செய்யலன்னு டாக்டர் சொன்னாரா?"

"ஆமா."

"எப்ப?"

"நாலஞ்சு மாசம் முன்னாடி."

"அதுக்கப்புறமும் ஸ்வெட்டருக்கு அடிச்சியே."

மோனிகா தன் பதிவேட்டைத் திறந்து, எழுத ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். அந்த அறையில் அது எனக்குக் கிடைக்கவில்லை. அவள் கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் மாத்திரை போடவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அதுவரைக்கும் நிறுத்தினா ஒண்ணும் ஆகாது" என்றார்.

திங்கட்கிழமை ன்டோலா போகும் வழியெல்லாம் லுபூட்டோ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். ஒரு தடவை மட்டும் கேட்டாள். "கணக்கு டீச்சர் நோட்டுல எழுதினது என்னைப் பத்தியா, மாத்திரையைப் பத்தியா?"

"உன்னைப் பத்திதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "எப்படி இருந்தா? என்ன மாற்றம் தெரிஞ்சுது?"

பசி, தூக்கம், மதிப்பெண் என்று எல்லாம் நுனி நாக்கில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். டாக்டர் காத்திருந்தார்.

லுபூட்டோ தன் நாற்காலியைச் சிமெண்ட் தரையில் கரகரவென்று இழுத்து அவர் மேஜைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டாள். இப்போது எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சட்டைக் காலரின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. நிமிர்த்திவிடப் போன என் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல நான் கேக்கறேன் டாக்டர்" என்று அவள் விரலை மடக்கத் தொடங்கினாள்.