மூளி ஸ்டாப்

வீட்டு ஓனர் கடைக்குள் நுழைந்தபோது ஐடியா ஓர் இளம் தம்பதிக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். வழவழப்பான டைல்ஸைக் குளியலறைத் தரைக்கு எடுக்காதீர்கள், பார்க்க ஜோராகத்தான் இருக்கும், ஈரக் காலை வைத்தால் நேரே ஆஸ்பத்திரிதான். கைப்பிடி மாட்டுவதென்றால் டைல்ஸோடு நின்றுவிடாதீர்கள், திருகு செங்கல் வரைக்கும் போக வேண்டும். கண்ணாடிக்கு மேலே விளக்கு வைத்தால் முகமெல்லாம் நிழல் விழும், பக்கவாட்டில் வையுங்கள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், கணவன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். டைல்ஸ், பெயிண்ட், குழாய் என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடை அது. அவன் சட்டையில் விற்பனையாளர் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் முதலாளியிலிருந்து மூட்டை இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவன் ஐடியாதான். ஒருவருக்கும் தப்பான யோசனை சொன்னதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இத்தனை பேர் வீட்டைச் சீராக்கிவிட்டவன், தான் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஓர் ஆணி அடித்ததில்லை. குடிவந்த அன்றைக்கே ஓனர் சொல்லிவிட்டார்: "செவுத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க தம்பி. மேல எனக்குக் கேக்கும்." ஓனர் குடியிருப்பது மாடியில். அதனால் அவன் வீட்டில் காலண்டர் நாற்காலியில் சாய்ந்திருக்கும், முகம் பார்க்கும் கண்ணாடி அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கும். தலை சீவ வேண்டுமென்றால் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து கும்பிடு போட்டுத்தான் சீவ வேண்டும். பழகிப் போய்விட்டது.

"உங்களப் பாக்கத்தான் தம்பி வந்தேன்," என்றார் ஓனர். தம்பதி பில் போடப் போயிருந்தார்கள். "கீழ் போர்ஷனக் கொஞ்சம் நல்லா பண்ணிரலாமான்னு யோசிக்கிறேன். பெரிய வேலையா, சின்ன வேலையான்னுதான் தெரியல. ஞாயித்துக்கெழம கீழ வர்றேன், கூட நின்னு பாத்துச் சொல்லுங்க. வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு வெளியாள்கிட்ட போயி நான் ஏன் ஏமாறணும்?"

"நாங்க இருக்கற போர்ஷனா சார்?"

"வேற எது இருக்கு?" ஓனர் சிரித்தார். "சின்ன வேலன்னா நீங்க பாட்டுக்கு இருங்க. பெரிசா இடிக்கற மாதிரின்னா, தூசியில எப்படி இருப்பீங்க? வேற எடம்தான் பாக்கணும். முடிஞ்சதும் மொதல்ல உங்களத்தான் கேப்பேன். வாடகைதான் அப்ப வேற மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியாததா."

கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் வராத நாட்களில் தன் தொட்டியைத் திறந்துவிடுகிறவர்தான். அதனால் ஐடியாவால் அவரை மனதுக்குள் திட்டிக்கூட ஆற்றிக்கொள்ள முடியவில்லை. வேறு வீடு என்ற சொல் அவன் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். காரணம் கண்டக்டர்.

கண்டக்டர் அவனுடைய மாமனார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கண்ணும் ஓய்வு கேட்டுவிட்டது, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். "கண்ண மூடிக்கிட்டு நிப்பேன் மாப்ள. பஸ்ஸு குலுங்கற குலுக்கல வச்சே எந்த ஸ்டாப்புன்னு சொல்லிருவேன்," என்பது அவர் பெருமை. இதற்கு முன்னால் இருந்தது புத்தம் புது வீடு. தரை ஒரே சமம், சுவர் ஒரே வழவழப்பு, எந்த இடமும் மற்ற இடத்தைப் போலவே இருந்தது. அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்புறம் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. பாத்ரூமுக்கு மகள் கையைப் பிடித்துப் போக வேண்டியிருந்ததே என்கிற வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். உதடு வெடித்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்க ஐடியாவுக்கே சகிக்கவில்லை. தரையில் பட்டை ஒட்டிப் பார்த்தான், கயிறு கட்டிப் பார்த்தான். அடுத்தவர் வைத்துக் கொடுத்த அடையாளம் எதுவும் அவருக்கு ஒட்டவில்லை.

இந்த ஓட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் மனிதர் எழுந்து நடமாடினார். அவராகவே தடுக்கி, தடவி, முட்டிக்கொண்டு கண்டுபிடித்த வழி. அவர் அறையின் நிலைக்கதவு மழையில் ஊதிப் போய் ஒரு பக்கம் புடைத்திருக்கும், தோளில் அது இடித்தால் நிலை ஸ்டாப். அங்கிருந்து இருட்டு நடையில் சுவரைத் தடவிக்கொண்டே வந்தால் ஓதம் ஏறிப் பொரிந்த இடம் வரும், உள்ளங்கை ஜில்லென்று ஆகும். அதற்கு ஏசி ஸ்டாப் என்று பேர் வைத்திருந்தார். ஏசியிலிருந்து கொஞ்சம் தள்ளித் தரையில் ஒரு டைல்ஸின் முனை உடைந்து மூளியாகக் கிடக்கும். அதுதான் மூளி ஸ்டாப், இருப்பதிலேயே முக்கியமான ஸ்டாப். மூளியில் பெருவிரல் பட்டால் அடுத்த அடி பாத்ரூம் பள்ளம், காலைத் தாழ்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, நாக்கை மடித்து ஒரு விசில் கொடுத்துவிட்டுத்தான் நகருவார். அந்த விசில் சத்தத்தை நம்பித்தான் மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சின்ன வேலன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான? வெள்ளையடிச்சாப் போதும் சார், வீடு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வாய மூடிக்குங்க."

"அத நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்க மாட்டீங்க. அதுதான் எனக்குப் பயம். டீக்கடையில பெஞ்சு ஆடுனாக்கூட அதுக்கு ஆப்பு எப்படி வைக்கறதுன்னு அரைமணி நேரம் சொல்றவரு நீங்க."

ஐடியா தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் அளக்கிற டேப்போடு கீழே வந்தார். கண்டக்டர் தன் அறையில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மனைவி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள், எதையும் கிளறவில்லை. முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வீடு கெட்டியான வீடு சார், அந்தக் காலத்துக் கட்டு என்று ஐடியா இரண்டு மூன்று முறை சொன்னான். ஓனருக்கும் அது பிடித்திருந்தது. அப்புறம் நடைக்கு வந்தார்கள். ஓனர் ஓதச் சுவரை முஷ்டியால் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"பெயிண்டர் வந்து பாத்தான் தம்பி. இதுக்குன்னு ஒரு பெயிண்ட் இருக்காம், மேலாக்க அடிச்சிட்டாப் போதுமாம். போதுமா?"

போதும் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் வேலை பெயிண்டோடு முடிந்திருக்கும், கட்டிலை நகர்த்தக்கூட வேண்டியிருந்திருக்காது. போதும் சார் என்று மனதுக்குள் அவன் சொல்லியும்விட்டான். ஆனால் அந்தப் பெயிண்டரை அவனுக்குத் தெரியும். ஓதத்தை மூடிவைத்துப் பெயிண்ட் அடித்துக் காசு பார்க்கிற ஆள். அந்த மாதிரி ஆட்களிடம் ஏமாந்து வந்தவர்கள் கடையில் வந்து புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குள் ஓர் எரிச்சல் ஊறிக் கிடந்தது.

"பெயிண்டா? அடுத்த மழைக்குத் தோலுரிஞ்ச மாதிரி வந்துரும் சார்," என்றான்.

அப்புறம் அவன் கையில் எதுவும் இல்லை. தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்கணும் சார், இந்தச் செவுத்துக்குப் பின்னாடிதான் பாத்ரூம் குழாய் போகுது. பூச்ச இடுப்பு ஒசரத்துக்கு எடுத்துட்டு, குழாய மாத்திட்டு, செவுரு நல்லாக் காயற வரைக்கும் அப்படியே விட்டுரணும். அவசரப்பட்டுப் பூசினா உள்ள இருக்கற ஈரம் வெளிய வந்தே தீரும். இந்த நடை ஏன் இருட்டா இருக்கு? பாத்ரூம் கதவுக்கு மேல கண்ணாடி ஜன்னல் வச்சாப் போதும், பகல்ல விளக்கே வேணாம். நிலைக்கதவ மாத்த வேணாம் சார், நல்ல மரம், புடைச்சத மட்டும் இழைச்சு எண்ணெய் குடுத்தாப் பட்டு மாதிரி ஆயிரும். அவன் சுவரைத் தட்டினான், குனிந்தான், நிமிர்ந்தான், ஓனர் கையிலிருந்த டேப்பை வாங்கித் தானே இழுத்து அளந்தான். தினம் தினம் கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கு இவ்வளவு நாளாகச் சேர்த்துவைத்திருந்த வைத்தியம் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. சந்தோஷமாக இருந்தது. அதுதான் கொடுமை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம்மா."

ஓனர் மூளி டைல்ஸைச் செருப்பு நுனியால் தொட்டார். "இந்த ஒண்ணுக்காகத் தரையவே பேக்கணுமா?"

"வேணவே வேணாம் சார். இத நிரப்பிரலாம். கடையில புதுசா ஒரு பசை வந்திருக்கு. சாம்பிள்கூட என் பையில கெடக்கு."

"அப்படியா? செஞ்சு காட்டுங்களேன்."

இந்த வீட்டில் முதல் முறையாக ஒரு வேலை செய்ய அவனுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கை பரபரத்தது. பையைத் திறந்து, ஒன்றோடொன்று கலக்க வேண்டிய இரண்டு பசையையும் எடுத்துப் பிசைந்தான். டைல்ஸின் நிறம் வருகிற வரைக்கும் பொடி கலந்தான். உடைந்த முனையைப் பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பசையை அழுத்தி, தகட்டால் வழித்தான். இறுகுகிற வரைக்கும் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓனரிடம் சமையலறை மேடையைப் பற்றிப் பேசினான். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தான். கடைசியில் ஓனர் குனிந்து, ஒரு விளையாட்டுக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலால் தரையைத் தடவிப் பார்த்தார். இங்கும் அங்கும் தடவினார்.

"எங்க இருந்துச்சுன்னே தெரியலையே தம்பி! கை இல்ல அது, மந்திரம்."

ஐடியாவுக்கு முகமெல்லாம் பல்.

ஓனர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் என்னமோ பெயிண்ட் வேலைன்னு நெனச்சேன். நீங்க சொல்றதப் பாத்தா முழுசாச் செஞ்சிர்றதுதான் புத்திசாலித்தனம். அடுத்த மாசம் ஆரம்பிச்சிருவோம். நீங்களும் நெதானமா ஒரு எடம் பாத்துக்குங்க, அவசரமில்ல." டேப் விருட்டென்று உள்ளே சுருண்டது. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ஏறிப் போனது.

ஐடியா தரையில் உட்கார்ந்தபடியே இருந்தான். விரலிடுக்கில் பசை காய்ந்து இழுத்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி. மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லியாச்சா? மிச்சம் ஏதாச்சும் இருக்கா?"

"வேணும்னே சொல்லல."

"தெரியும். வேணும்னே சொல்லியிருந்தீங்கன்னா சண்டையாவது போட்டிருப்பேன்." அவள் சுவரில் சாய்ந்தாள். பூச்சு உதிர்ந்து புடவையில் ஒட்டியது, தட்டிவிடவில்லை. "அப்பா மறுபடி தண்ணி குடிக்க மாட்டாரு பாருங்க."

மேலே ஓடிப்போய், நான் சொன்னதெல்லாம் பொய் சார், பெயிண்டே போதும் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான். சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் பொய் சொல்ல மாட்டான் என்றுதானே அவரே தேடி வந்தார். வெளியே போக ஒரு வழியும் இல்லாதபடி நாலு பக்கமும் நன்றாகப் பூசி முடித்தாகிவிட்டது.

அறையில் ரேடியோ நின்றது. கட்டில் முனகியது.

"நிலை!" என்று குரல் வந்தது. தோள் மரத்தில் உரசுகிற சத்தம். விசில். உள்ளங்கை சுவரை வருடிக்கொண்டே வந்தது. "ஏசி! ஏசி எறங்கறவங்கல்லாம் வாங்க!" மறுபடி விசில். வழியில் மகளும் மருமகனும் இருப்பது அவருக்குத் தெரியாது, இரண்டு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. கண்டக்டர் வலது காலை நீட்டிப் பெருவிரலால் தரையைத் தடவினார். கொஞ்சம் இடப்பக்கம் தடவினார். வலப்பக்கம். காலைப் பின்னுக்கு இழுத்து, ஏசி ஸ்டாப்பைத் தொட்டுப் பார்த்து, மறுபடி நீட்டினார். விரல் வழுக்கிக்கொண்டே போனது. இன்னொரு சாண் போனால் பள்ளம். அவர் முகத்தில் அந்த முந்தின வீட்டு முகம் வந்துகொண்டிருந்தது. வேட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தார்.

மனைவி அப்பா என்று கூப்பிட வாயெடுப்பதற்குள் ஐடியா தரையோடு சரிந்து, மூளி இருந்த இடத்தில் தன் கையை மடக்கி வைத்தான். பெருவிரல் அவன் விரல் முட்டியில் இடித்தது. நின்றது. பாதம் மெல்ல இறங்கிக் கை முழுவதன் மேலும் உட்கார்ந்தது. சூடாக இருந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமாகவும் இருந்தது.

"மூளி," என்றார் கண்டக்டர், அவ்வளவு சத்தமில்லாமல். பாதம் கையின் மேல் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தது. "மாப்ள... இது கைதான?"

"ஆமா மாமா."

"ஸ்டாப் எங்க?"

"இங்கதான் மாமா. இதான்."

காலை எடுத்தால் அடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்டக்டர் எடுக்கவில்லை. கையை இழுத்தால் அவர் தடுமாறுவார் என்று அவன் இழுக்கவில்லை. மனைவி அவர் தோளுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். மாடியில் ஓனர் எதையோ இழுத்து நகர்த்தினார், கீழே ஒவ்வொரு சத்தமும் கேட்டது.

"சரி," என்றார் கண்டக்டர் கடைசியில். "நீங்களே விசில் குடுங்க மாப்ள. போறேன்."

ஐடியா தரையில் கிடந்தபடியே நாக்கை மடித்து, உதட்டைக் குவித்து ஊதினான். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை ஊதினான்.