கார் ஓடாத பாதை

டென்மார்க்கில், இக்காஸ்டுக்கு வெளியே முன்பு ரயில் ஓடிய தடத்தில் இப்போது கிறவல் கல் போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள்ளாலும் பற்றைவெளிக்குள்ளாலும் நேராகப் போகிற பாதை. மருந்துக்கும் ஒரு கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தடித்த டயர் பூட்டிய சைக்கிள்களில் டெனிஷ்காரர் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பற்றிமாவுக்கோ புருஷனை அவிழ்த்துவிட இருந்த ஒரே இடம் அதுதான்.

அவிழ்த்துவிட என்று எழுதுவது மரியாதையில்லைத்தான். ஆனால் அவள் மனதுக்குள் அந்தச் சொல்தான் இருந்தது, அதற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டும் இருந்தாள். புருஷன் நீக்கிலாஸுக்கு மறதி நோய். அறுபது வயதுகூட ஆகவில்லை. டொக்டர் ‘டிமென்ஸ்’ என்று சொன்னபோது பற்றிமாவுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் வேலை செய்வதே முதியோர் இல்லத்தில். அந்த நோய்க்காரரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஓடாமல் பிடித்து வைப்பதுதான் அவள் பிழைப்பு. என்ன வரப்போகிறது என்று முழுக்கத் தெரிந்திருந்ததுதான் அவளுக்கு வாய்த்த தண்டனை.

வீட்டில் அவர் கூட்டுக்குள் அடைத்த புலிதான். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடை. சைக்கிளில் ஏறினால் மட்டும் பழைய மனிதர். மகளின் பெயர் சில நாள் வராது, பெடலும் பிரேக்கும் ஒருநாளும் பிசகாது. பாதை ஒரு கமக்காரனின் வயற்காணியில் போய் முட்டும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடுப்புக் கட்டை குறுக்கே கிடந்தது. அதுவரை போவார், இறங்குவார், சைக்கிளைத் திருப்புவார், வந்துவிடுவார். பற்றிமா பல தடவை பின்னால் ஒளித்துப் போய்ப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். அதன்பிறகு பாதை தொடங்கும் இடத்தில் மரவாங்கில் உட்கார்ந்து கோப்பி குடிப்பாள். வாரம் முழுக்க அவள் நிம்மதியாக மூச்சுவிட்டது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

சனத்துக்கு இதொன்றும் தெரியாது. தெரியவிடவில்லை. மகள் அஜந்தினிக்குக் கோல்டிங் நகரில் ஒரு சம்பந்தம் ஏறத்தாழ முடிந்த மாதிரி. பெடியன் தங்கம், தாய் கொஞ்சம் இரும்பு. இந்த வயதில் தகப்பனுக்கு மூளை போகிறது என்று காதில் விழுந்தால் முதல் கேள்வி, பரம்பரையில் உள்ளதோ என்பதாகத்தான் இருக்கும். ஆகவே பற்றிமா அவரைத் தேவாலயப் பூசைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தினாள், பிறந்தநாள் விழாக்களை நிறுத்தினாள், போனை அவர் கைக்கு எட்டாமல் வைத்தாள். கேட்டவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தாள். 

“அவருக்கு இப்ப சைக்கிள் விசர் பிடிச்சிட்டுது.”

சனம் சிரித்து நம்பியது. கொம்யூனில், அதுதான் நகரசபையில் இருந்து, ஆள் எங்கே நிற்கிறார் என்று காட்டும் ஒரு கைமணிக்கூடு தருவதாகச் சொன்னார்கள். அதையும் பற்றிமா வேண்டாம் என்றாள். இல்லங்களில் அந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு திரிபவர்கள் யார் என்பது இக்காஸ்டில் பராமரிப்பு வேலை செய்யும் தமிழ்ச் சனம் எல்லோருக்கும் தெரியும். அஜந்தினி சண்டை பிடித்தாள். 

“எனக்குக் கலியாணம் வேண்டாம் அம்மா, அதைக் கட்டிவிடுங்கோ.”

“வாயை மூடு. தாலி ஏறட்டும், பிறகு ஊரைக் கூட்டியே சொல்லுறன்.”

ஒக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை கோப்பி ஆறி, போத்தலும் காலியாகி, அவர் வரவில்லை. பற்றிமா தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். தடுப்புக் கட்டை கிடந்த இடத்தில் கட்டை இல்லை. கமக்காரன் காணியைக் கொடுத்திருக்கிறான், கொம்யூன் பாதையை நீட்டியிருக்கிறது. அந்த வாரத்தில்தான் கேக் வெட்டி, கொடி பிடித்துத் திறந்தும் வைத்திருக்கிறார்கள், உள்ளூர்ப் பேப்பரில் படமும் வந்ததாம். பற்றிமா பேப்பர் பார்ப்பதில்லை. அவள் கண்டதெல்லாம் புதுக் கிறவல் வெள்ளை வெளேரென்று காட்டுக்குள் போனதைத்தான்.

அந்த இடத்தில் நின்று பொலிசுக்கு அடித்திருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. பொலிஸ் வந்தால் நாய் வரும், ஹெலி வரும், பேஸ்புக்கில் படம் வரும், பொழுதுபடுவதற்குள் கோல்டிங் வரை போய்ச் சேரும். இவ்வளவையும் அவள் ஒரு நொடியில் யோசித்தாள். தானே தேடிப் பிடிக்கலாம் என்று மிதித்தாள். பாதை இரண்டாகப் பிரிந்தது, ஒன்றில் போனாள், திரும்பி வந்து மற்றதில் போனாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. மழை தொடங்கி, இருளத் தொடங்கியபிறகுதான் மகளுக்குப் போன் எடுத்தாள். மகள் எதுவும் கேட்காமல் பொலிசுக்கு எடுத்தாள்.

மறுநாள் காலை நாய் கண்டுபிடித்தது. ஊசியிலைக் காட்டுக்குள், பாதையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி. சைக்கிளை மரத்தில் சாத்தியிருந்தார். சப்பாத்து இரண்டும் கழற்றிச் சோடியாக வைக்கப்பட்டிருந்தன, உள்ளே சொக்ஸ். ஜக்கெற்றைப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். குளிர் கொண்டுபோய்விட்டது. குளிரில் மனிதர் புரியாத வேலைகள் செய்வார்கள் என்று பொலிஸ்காரி ஆறுதல் சொன்னாள். பற்றிமாவுக்குப் புரிந்தது. வீடு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அதை நினைத்து அவள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பின்னேரங்களில் செபமாலைக்குச் சனம் வந்தது. அவரை மாதக் கணக்காகக் காணாத சனம். கோல்டிங்கில் இருந்து சம்பந்தியும் வந்து பற்றிமாவுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்தபடி இருந்தாள். செபம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும் நேரத்தில் ஜெசிந்தன் வந்தான். சைக்கிள் என்றால் உயிரைவிடும் பெடியன். கார் இல்லாத கிறவல் பாதைகள் இருக்கின்றன என்பதற்காகவே லீவில் பிரான்சின் நாட்டுப்புறத்துக்குப் போய்வந்தவன். வாசலிலேயே நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

“அக்கா, நான் அண்டைக்கு அண்ணையைக் கண்டனான். அந்தப் புதுப் பாதை பிரியிற இடத்திலை.”

தேத்தண்ணிச் சத்தம் அடங்கியது.

“தம்பி, என்ரை வீடு இந்தப் பக்கமோ எண்டு கேட்டவர். பகிடி விடுறார் எண்டு நினைச்சன். அவர் முந்தி அப்பிடித்தானே கதைக்கிறவர். ஓம் அண்ணை, நேர போங்கோ எண்டு நானும் பகிடியாச் சொல்லிப்போட்டு வந்திட்டன். அக்கா, அண்ணைக்கு ஏதும் வருத்தமோ?”

சம்பந்தியின் பிடி சற்று இறுகியது. பற்றிமாவின் வாய், பொய் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

“ச்சீ, இல்லைத் தம்பி. அவர் நல்ல சுகமாத்தான் இருந்தவர்.”

அஜந்தினி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். சம்பந்தி தலையைச் சரித்துப் பற்றிமாவின் காதோடு கதைத்தாள். ஆனால் அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

“அப்ப வீட்டிலை ஏதும் பிரச்சினையோ, பற்றிமா? சுகமான மனுசன் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, காட்டுக்கை போய்ப் படுப்பாரோ?”

எதிர்ச் சோபாவில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நாளாக அவர்கள் தங்களுக்குள் கதைத்ததை இப்போது ஒருத்தி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். பற்றிமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தானே சாகப் போன மனுசன். அப்படியா நினைக்கிறார்கள் அவரை? அவருக்கு ஒரு துக்கமும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போகத்தான் அவருக்கு ஆசை, அவ்வளவுதான். கலியாணம், கோல்டிங், எல்லாம் அந்த நொடியில் அவளுக்குச் சீ என்று போய்விட்டது.

“அவருக்கு டிமென்ஸ்,” என்றாள் சத்தமாக. “ரெண்டு வருசமா. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பொய் சொன்னனான். அவர் வீடு எண்டு நினைச்சுத்தான் சப்பாத்தைக் கழட்டினவர்.”

யாரும் திடுக்கிடவில்லை. அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. சம்பந்தி அவள் புறங்கையை இரண்டு தரம் தட்டினாள். “ஓமோம்,” என்றாள் இதமாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல. எதிரே இருந்தவள் பெருமூச்சு விட்டாள். வேறொருத்தி, “ஓம், அப்பிடித்தானே சொல்லவேணும், குமர்ப்பிள்ளையும் இருக்கு,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். சைக்கிள் விசர் என்று இரண்டு வருடமாகச் சொன்னதை அவ்வளவு நன்றாக நம்பியிருந்தார்கள்.

“டொக்டரின்ரை பேப்பர் இருக்கு,” என்றாள் பற்றிமா. “அஜந்தினி, சொல்லு பிள்ளை.”

குசினி வாசலில் நின்ற அஜந்தினி டெனிஷில் ஏதோ மெல்லச் சொன்னாள். இப்போது மட்டும் சொல்லலாமா என்பதுபோல. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தி கைப்பையைத் தேடத் தொடங்கினாள். கோல்டிங்குக்கு நெடுந்தூரம் ஓட வேண்டும் என்றாள்.

வாசலில் நின்ற ஜெசிந்தன் மட்டும் அசையவில்லை. அந்த அறையில் பற்றிமாவை நம்பியது அவன் ஒருவன்தான். அண்ணை பகிடி விடவில்லை, உண்மையாகவே வழி கேட்டிருக்கிறார் என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல இறங்கியதைப் பற்றிமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான்தானே அக்கா அனுப்பினனான்,” என்றான் அவன்.